இசையும் உறுதியும்: மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் பற்றிய ஒரு திறனாய்வு

கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலைஞனையே நோக்குவர். பாடியவன் யாவன், எங்ஙனம் பாடினான், அவன் பாட்டுக் கேட்டோர் உள்ளத்தில் எத்தகைய மெய்ப்பாட்டை விளைத்தது என்பனவே அவர்தம் வினாக்கள். அப்பாட்டு எந்தச் சுவர்களுக்கிடையே எழுந்தது, எவர் பொருளால் எழுந்தது, எழுந்த பின் எவர்க்கு உரியதாயிற்று என்னும் வினாக்களைக் கணக்கர்க்கும் வழக்கறிஞர்க்கும் விட்டுவிடுதலே வழக்கம். அரசவை கலையைப் புரந்த காலத்தில் இவ்வழக்கத்தாற் பெருந்தீங்கு விளையவில்லை. புரவலன் பரிசில் கொடுத்தான். பாட்டோ பாடியவனோடும் கேட்டவனோடும் நின்றது. ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னர் நிலைமை மாறிற்று. பாட்டு ஒரு பண்டமாயிற்று. பண்டமாகவே, அதற்கு உடைமையாளன் ஒருவன் வேண்டப்பட்டான். அவ்வுடைமையாளனே இசைத்தட்டு நிறுவனம் எனப்படுவது.

ஆகவே இக்காலத்து இசையைத் திறனாய்வோர் இரண்டு ஏடுகளைப் படித்தல் வேண்டும். ஒன்று இசைத்தட்டின் வரிகளிற் பதிந்துள்ள ஒலி. மற்றையது நிறுவனத்தின் பேழையிற் கிடக்கும் உறுதி. இவ்விரண்டும் எங்ஙனம் ஒன்றையொன்று ஆக்கவும் அழிக்கவும் வல்லன என்பதை ஐக்கிய அமெரிக்காவிலே, தெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1957 தொடக்கம் 1975 வரை இயங்கிய ஸ்டாக்ஸ் என்னும் நிறுவனத்தின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜிம் ஸ்டுவர்ட் என்பவர் மெம்பிஸில் ஒரு வங்கி அலுவலர். ஓய்வு வேளையில் நாட்டுப்புற இசைக் குழுக்களிற் பிடில் வாசிப்பவர். 1957இல் 'சற்றலைற்' என்னும் பெயரோடு சிறிய இசைத்தட்டு முயற்சியொன்றை அவர் தொடங்கினார். வெள்ளையரின் நாட்டுப்புற இசையே அவர் அறிந்தது. கறுப்பின மக்களின் இசையோடு அவர்க்கு அப்போது தொடர்பு ஏதும் இருந்ததில்லை. நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணமில்லாத நிலையில், 1958இல் அவர் தம் தமக்கையாரான எஸ்டெல் ஆக்ஸ்டனை நாடினார். அவ்வம்மையாரும் வங்கியொன்றிற் பணிபுரிந்தவரே. அவர் தம் வீட்டை ஈடு வைத்து 2,500 டொலர் பெற்று 'அம்பெக்ஸ்' கருவியொன்றை வாங்க உதவினார். ஒரு பெண்மணியின் வீட்டு ஈட்டின்மேல் எழுந்தது இந்நிறுவனம் என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. இவ்வரலாற்றின் முடிவில் இன்னொரு வீடும் ஈடு வைக்கப்படக் காண்போம்.

1960இல் இருவரும் மெம்பிஸின் தென்பகுதியில் மக்லெமோர் வீதியில் மூடிக் கிடந்த 'கப்பிற்றல்' என்னும் பழைய படமாளிகையை வாடகைக்கு எடுத்தனர். வெள்ளையர் குடிபெயர்ந்து கறுப்பின மக்கள் குடியேறிக் கொண்டிருந்த பகுதி அது. இருக்கைகளைக் கழற்றினர், திரைச்சீலைகளைத் தொங்கவிட்டு எதிரொலியை ஒருவாறு அடக்கினர், படம் காட்டும் மேடையிலே ஒலிப்பதிவாளரின் அறையை அமைத்தனர். படமாளிகைக்குரிய சரிந்த தரையைச் சமப்படுத்தப் பணமில்லை. ஆதலின் அஃது அப்படியே விடப்பட்டது. இச்சரிவும் உயர்ந்த கூரையும் அக்கூடத்துக்குத் தனியானதோர் ஒலியைத் தந்தன என்பர். வறுமை காரணமாக விடப்பட்ட குறை, கலையின் அடையாளமாக மாறிய விதம் இஃது.

முகப்பிலே முன்பு இனிப்புப் பண்டம் விற்ற இடத்தை எஸ்டெல் அம்மையார் இசைத்தட்டுக் கடையாக்கினார். இக்கடையின் சிறப்பை வரலாற்றாசிரியர் பலர் போதிய அளவு உணரவில்லை. அயலிலுள்ள பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே கூடுவர். எந்தத் தட்டைக் கேட்டால் அவர்தம் கால் ஆடுகின்றது, எதைக் கேட்டால் முகம் சுளிக்கின்றது என்பதை அம்மையார் கூர்ந்து நோக்குவார். உள்ளே பதிவான புதிய பாட்டையும் அவர்களுக்கே முதலிற் போட்டுக் காட்டுவார். வாங்க வந்தவர்களுட் சிலர் உள்ளே சென்று பாடகராயினர்; சிலர் பாட்டெழுதினர். பிற்காலத்திற் புகழ்பெற்ற பாடலாசிரியரான டேவிட் போர்ட்டர் தெருவுக்கு எதிர்ப்புறத்துப் பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். அக்கூடத்தின் கதவு தெருவை நோக்கித் திறந்திருந்தது என்பதே ஸ்டாக்ஸின் முதல் மூலதனம்.

அக்கதவினூடே 1960இல் வந்தவர் றூபஸ் தோமஸ். கறுப்பின மக்களுக்கென நிகழ்ச்சி நடத்திய மெம்பிஸ் வானொலி நிலையமொன்றிற் பெயர்பெற்ற அறிவிப்பாளர் அவர். தம் மகள் கார்லாவோடு அவர் பாடிய பாட்டு உள்ளூரிலே நன்கு விற்பனையாயிற்று. நியூயோர்க்கிலுள்ள அத்திலாந்திக் நிறுவனத்தின் ஜெறி வெக்ஸ்லர் அச்செய்தியை அறிந்து, மெம்பிஸ் தட்டுகளை நாடெங்கும் விநியோகிக்க முன்வந்தார். இவ்வேற்பாடு பெரும்பாலும் வாய்ச்சொல்லும் கைகுலுக்கலுமாகவே இருந்தது. 1961இல், 'சற்றலைற்' என்னும் பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியமையால், ஸ்டுவர்ட், ஆக்ஸ்டன் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துக்களை இணைத்து 'ஸ்டாக்ஸ்' என்னும் பெயர் ஆக்கப்பட்டது.

நிற்க. ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தனக்கெனக் குரலுண்டோ? பாடகர் பலர் வருவர், போவர். அவர் ஒவ்வொருவர்க்கும் தனிக்குரல் உண்டு. ஆயினும் ஸ்டாக்ஸ் தட்டு ஒன்றைக் கேட்ட மாத்திரத்தே, பாடுபவர் யாரென அறியாமலே, இஃது எங்கிருந்து வந்ததெனக் கூறிவிட முடியும். இதற்குக் காரணம் அக்கூடத்தின் நிலையான வாத்தியக்காரர்களே. ஓர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸ், கிற்றார் வாசித்த ஸ்டீவ் குறொப்பர், முரசு வாசித்த அல் ஜக்சன், தாழ்சுருதிக் கிற்றார் வாசித்த லூயி ஸ்டைன்பேர்க், அவருக்குப் பின் வந்த டொனால்ட் டன் ஆகியோரே 'புக்கர் டி. அன்ட் தி எம்.ஜி.ஸ்' எனப்பட்ட குழுவினர். 1962இல், வேறொரு பாடகரின் பதிவுக்கென வந்த இவர்கள், அப்பணி நடைபெறாத ஓய்வு வேளையில் தமக்குள் வாசித்த இசையே 'கிறீன் அனியன்ஸ்' என்பது. அப்போது ஜோன்ஸுக்கு வயது 17. பாட்டில்லாத அவ்வாத்திய இசை நாட்டின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தை அடைந்தது.

அவ்விசையைச் சற்று நுணுகி நோக்குவோம். ஓர்கன் ஒரு சிறு சுரத்தொடரைத் தொடங்குகின்றது. அத்தொடர் மாறாது திரும்பத் திரும்ப வருகின்றது. கிற்றார் நெடுநேரம் வாளாவிருந்து, பின்னர் ஓரிரு வெட்டொலிகளை மட்டும் இடுகின்றது. முரசு அலங்காரம் ஏதுமின்றிக் காலப்பிரமாணத்தைக் காத்து நிற்கின்றது. இதில் வியத்தற்குரியது வாசிக்கப்பட்டதனினும் வாசியாது விடப்பட்டதே. நால்வரும் தத்தம் வித்துவத்தைக் காட்ட முனைந்திருப்பின் அத்தட்டு இன்று எவர்க்கும் நினைவிராது. ஒருவர்க்கொருவர் இடம் விட்டு வாசித்தமையே ஸ்டாக்ஸ் இசையின் இலக்கணமாயிற்று.

இவ்விலக்கணத்தை விளங்கிக்கொள்ள அக்காலத்து மற்றொரு நிறுவனத்தை ஒப்புநோக்குதல் நன்று. 1959இல் டெட்ராயிட் நகரிற் பெறி கோர்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்றுத் தொடங்கியது மோட்டவுன். அங்கே ஒவ்வொரு பாட்டும் பதிவான பின் தர ஆய்வுக் கூட்டத்திற் சோதிக்கப்பட்டது. பாடகர்க்கு நடையும் பேச்சும் பயிற்றப்பட்டன. வெள்ளையர் இல்லங்களிலும் ஏற்கப்படத்தக்க மெருகு ஊட்டப்பட்டது. அந்நிறுவனத்தார் தம் இல்லத்தின் முகப்பில், வெற்றிப் பாடல்களின் ஊர் என்னும் பொருளில் 'ஹிட்ஸ்வில்' எனப் பெயர் பொறித்தனர். ஸ்டாக்ஸார் தம் படமாளிகை முகப்பில் 'சோல்ஸ்வில்', அதாவது ஆன்ம இசையின் ஊர், எனப் பொறித்தனர். மோட்டவுன் செதுக்கியது, ஸ்டாக்ஸ் வார்த்தது. இங்கே எழுதிய சுரக்குறிப்புகள் இல்லை. பாடகர் பாட்டைச் சொல்ல, வாத்தியக்காரர் அங்கேயே அதற்கு உருவம் தேடுவர்; ஊதுகருவியாளர் தம் பகுதியை வாயாற் பாடிப் பார்த்துப் பின்னர் ஊதுவர். பிழை சிறிதாயின் அது தட்டிலேயே நிற்கும். மோட்டவுனைத் தாழ்த்துவது எம் கருத்தன்று. அதன் அழகு வேறு. உடைமையை ஒரு கறுப்பின மனிதரே தம் கையில் வைத்திருந்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று. இவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதாகத் தோன்றும்.

ஸ்டாக்ஸ் முறையின் முழுப் பயனையும் பெற்றவர் ஓட்டிஸ் றெடிங். ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலிருந்து 1962இல் வேறொரு கலைஞரின் காரோட்டியாக வந்து, பதிவு முடியும் வேளையிற் கிடைத்த சிறு அவகாசத்திற் பாடி இடம்பெற்றவர் அவர். 1965இல் அவர்தம் 'ஓட்டிஸ் புளூ' என்னும் தட்டுத் தொகுதி, இடையிலே வாத்தியக்காரர் இரவுக் கச்சேரிக்குச் சென்று மீள, ஏறக்குறைய ஒரே நாளுக்குள் பதிவாயிற்று. அவர்தம் கலையின் உச்சமாக 1966இல் வெளிவந்த 'ட்றை எ லிட்டில் டெண்டர்னஸ்' என்னும் பாட்டைக் கூறலாம். 1930களின் தொடக்கத்து மென்மையான நடன மண்டபப் பாட்டு அது. றெடிங் அதனைத் தாழ்ந்த குரலில், பேசுவது போலத் தொடங்குகின்றார். அல் ஜக்சன் முரசின் விளிம்பில் இருமடங்கு விரைவில் மெல்லத் தட்டத் தொடங்கும்போது பாட்டின் கதி மாறவில்லை; ஆயினும் ஏதோ வரப்போகின்றதென்னும் பதற்றம் கேட்போனைப் பற்றிக்கொள்கின்றது. பின்னர்க் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர, குரல் சொற்களை விட்டு வெறும் ஓசையாகின்றது. மென்மையைக் கோரும் பாட்டு வேண்டுதலாக மாறிக் கட்டளையாக முடிகின்றது. இம்மாற்றத்தைத் தாளிலே எழுதி எவராலும் திட்டமிட்டிருக்க இயலாது. ஒருவரையொருவர் பல்லாண்டு கேட்டுப் பழகியவர்க்கே அது கைகூடும்.

இன்னொரு சான்று: 1965இல் வில்சன் பிக்கற் பாடிய 'இன் தி மிட்நைட் அவர்'. அப்பதிவின்போது வெக்ஸ்லர் இளைஞர் அக்காலத்தில் ஆடிய புதிய ஆட்டமொன்றை ஆடிக் காட்டி, தாளத்தின் இரண்டாம் அடியில் அழுத்தம் விழ வேண்டுமென்றார். அதனைக் கண்ட குறொப்பரும் ஜக்சனும் இரண்டாம், நான்காம் அடிகளை அணுவளவு தாமதித்து இட்டனர். அந்தத் தாமதமே அதன்பின் ஸ்டாக்ஸ் தாளத்தின் கையொப்பமாயிற்று.

இப்பாட்டும், அடுத்த ஆண்டில் எடி புளொய்டின் குரலில் வந்த 'நொக் ஒன் வூட்' என்பதும் லொறெயின் என்னும் விடுதியில் இயற்றப்பட்டன. இதனை விளங்கிக்கொள்ள அந்நகரின் நிலையை அறிதல் வேண்டும். நிறவேறுபாடு ஆட்சி செய்த மெம்பிஸில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரு மேசையிலிருந்து உண்ணத்தக்க இடங்கள் அரியன. கறுப்பினத்தவர்க்குரியதாயிருந்த லொறெயின் விடுதி அத்தகைய இடங்களுள் ஒன்று. டன் சேர்ந்த பின்னர் எம்.ஜி.ஸ் குழுவில் இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். தெருவில் ஒன்றாக உண்ண இயலாத நால்வர் கூடத்துள் ஒரே தாளத்தில் மூச்சு விட்டனர் என்பது பெருமைக்குரிய செய்தியே.

ஆயினும் இதனை மட்டும் கூறி மகிழ்ந்து நிற்றல் திறனாய்வாகாது. ஸ்டாக்ஸைப் புகழ்வோர் பலர் அதனை இன ஒற்றுமையின் சிறு சொர்க்கமாக வருணிப்பர். கூடத்துள் ஒற்றுமை இருந்தது உண்மை. ஆனால் நிறுவனத்தின் உடைமை தொடக்கத்தில் இரு வெள்ளையரிடமே இருந்தது. பாட்டின் உயிர்நாடி கறுப்பின மக்களின் கோயிற் பாடலிலும் துயரிசையிலும் வேரூன்றியது. ஒன்றாக வாசித்தலும் ஒன்றாக உடைமை கொள்ளுதலும் ஒன்றல்ல. முன்னையது நிகழ்ந்தது, பின்னையது நெடுங்காலம் நிகழவில்லை. இவ்விடைவெளியை நல்லெண்ணம் மூடி மறைத்திருந்தது. 1967ஆம் ஆண்டின் இறுதியில் அம்மூடி கழன்றது.

அவ்வாண்டு டிசெம்பர் 10ஆந் திகதி றெடிங் சென்ற விமானம் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகருக்கு அருகே மொனோனா ஏரியில் வீழ்ந்தது. அவரோடு அவர்க்கு வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர் நால்வரும் மாண்டனர். அவர்க்கு வயது 26. சில நாட்களுக்கு முன்னரே அவர் 'டொக் ஒவ் தி பே' என்னும் பாட்டைப் பதிந்திருந்தார். குறொப்பர் நண்பரின் மறைவுத் துயரோடு அதனைச் செப்பனிட்டு, அலையொலியையும் கடற்பறவையின் குரலையும் சேர்த்து முடித்தார். 1968இல் அப்பாட்டு நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பாடியவர் மறைந்த பின் அவ்விடத்தை எய்திய முதற் பாட்டு அதுவே. முன்னைய வேகமெல்லாம் அடங்கி, ஒரு மனிதன் தனியே அமர்ந்திருக்கும் நிலையைக் காட்டும் அப்பாட்டில், றெடிங் புதியதொரு வழியைத் தேடத் தொடங்கியிருந்தார் என்பது புலனாகும்.

இவ்விழப்போடு மற்றோர் இழப்பும் சேர்ந்தது. அத்திலாந்திக் நிறுவனம் 1967இல் வார்னர் பிறதர்ஸ்–செவன் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உடைமை மாறியதால் தம் தொடர்பை மீள நோக்க விரும்பிய ஸ்டுவர்ட், 1965இற் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பித்தார். வாய்ச்சொல்லாக நடந்த ஏற்பாட்டை எழுத்தில் இடுகின்றோம் என்னும் நம்பிக்கையில், முழுவதும் படியாமலே அவர் கைச்சாத்திட்ட உறுதி அது. அதிலுள்ள ஒரு வாசகம், அத்திலாந்திக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகள் யாவற்றின் மூல நாடாக்களும் அத்திலாந்திக்குக்கே உரியன என்றது. 'கிறீன் அனியன்ஸ்' தொடக்கம் 'டொக் ஒவ் தி பே' ஈறாக அந்தச் சரிந்த தரையில் எழுந்த இசை அனைத்தும் ஒரு வாக்கியத்தாற் பிறர் உடைமையாயிற்று. அத்திலாந்திக்கிலிருந்து இரவலாக வந்து ஸ்டாக்ஸிற் பாடிப் புகழ்பெற்ற சாம், டேவ் என்னும் இரட்டையரும் திரும்பிச் சென்றனர். வங்கியிற் பணிபுரிந்த ஒருவர் உறுதியைப் படியாது கையெழுத்திட்டார் என்பது எத்துணை வியப்பு! ஆனால் இதனை அவர்தம் அறியாமை என்று மட்டும் கூறி விடுதல் தகாது. கூடத்துள் எழுத்தின்றி, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியே யாவும் நிறைவேறின. இசையை ஆக்கிய அதே நம்பிக்கையே உடைமையை இழப்பித்தது.

1968 ஏப்ரில் 4ஆந் திகதி, துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்பிஸுக்கு வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீழ்ந்த இடம் அந்த லொறெயின் விடுதியின் மாடமே. இரு இனத்தாரும் கூடிப் பாட்டியற்றிய இடம் அன்று முதல் வேறு நினைவுக்கு உரியதாயிற்று. அதன்பின் கூடத்துள்ளும் பழைய இயல்புநிலை மீளவில்லை.

நாடாக்களை இழந்து, தலைமைப் பாடகரை இழந்து நின்ற நிறுவனத்தை எழுப்பியவர் அல் பெல். முன்பு வானொலி அறிவிப்பாளராயிருந்து, 1965இல் விற்பனைப் பணிக்கு வந்த இக்கறுப்பின இளைஞர், பின்னர்ப் பங்காளராகி, 1972இல் நிறுவனத்தின் தனி உடைமையாளருமானார். 1968இல் ஸ்டாக்ஸ் 'கல்ப் அன்ட் வெஸ்டேர்ன்' என்னும் பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது, 1970இல் மீட்கப்பட்டது. பழைய பதிவுகள் இல்லாத நிறுவனத்துக்குப் புதிய பதிவுகளே மூலதனமென உணர்ந்த பெல், 1969இல் ஒரே தருணத்தில் 27 தட்டுத் தொகுதிகளை வெளியிட்டார்.

அவற்றுள் ஒன்று ஐசாக் ஹேய்ஸின் 'ஹொட் பட்டர்ட் சோல்'. போர்ட்டரோடு இணைந்து பிறர்க்குப் பாட்டெழுதிய ஹேய்ஸ், இதில் நான்கே உருப்படிகளை அமைத்தார். ஒன்று 18 நிமிடத்துக்கும் மேற்பட்டது. அதிற் பாட்டுத் தொடங்குமுன் நெடுநேரம் கதையே பேசப்படுகின்றது. மூன்று நிமிடமே கறுப்பின இசைக்கு வானொலி அளந்து கொடுத்த காலம் என்றிருந்த நிலையை இத்தட்டு உடைத்தது. இதனை வீண் விரிவு என்று குறை கூறியோர் உளர். அக்குறை ஓரளவு பொருந்தும். சில இடங்களில் நரம்பிசைக் கூட்டம் கேட்போனை உறங்க வைக்கின்றது. எனினும், பிறர் விதித்த அளவுக்குள் அடங்கிக் கிடந்த ஒருவன் தனக்கு வேண்டிய அளவு நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் துணிவு அதில் உண்டு. 1971இல் 'ஷாவ்ட்' திரைப்படத்துக்கு ஹேய்ஸ் அமைத்த பாட்டு, அடுத்த ஆண்டில் ஒஸ்கார் பரிசையும் பெற்றது.

ஆயினும் இவ்விரண்டாம் பருவத்தின் இசையை முதற் பருவத்ததோடு ஒரே தட்டில் நிறுத்தல் அரிது. குறொப்பரும் ஜோன்ஸும் 1970ஐ அடுத்து விலகினர். எஸ்டெல் அம்மையார் அதற்கு முன்னரே வெளியேறியிருந்தார். பதிவுகள் பல அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் முதலிய பிற இடங்களிலே செய்யப்பட்டன. ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பத்தாரின் சிறந்த பாடல்கள் அங்கே எழுந்தவையே. பாட்டுகள் நல்லன; ஆனால் கேட்ட மாத்திரத்தே இடத்தைக் காட்டிய அந்த ஒலி இல்லை. நிறுவனம் வளர வளர வீடு சுருங்கிற்று.

இதற்கு மாறாக நிறுவனத்தின் பொதுவாழ்வு விரிந்தது. 1972 ஓகஸ்ட் 20ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெருந்திடலில் 'வட்ஸ்டாக்ஸ்' என்னும் இசைவிழாவை ஸ்டாக்ஸ் நடத்திற்று. 1965இல் வட்ஸ் பகுதியில் நிகழ்ந்த கிளர்ச்சியின் நினைவாக நடந்த அவ்விழாவுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டொலர். வந்தோர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர். தெருவை நோக்கித் திறந்திருந்த பழைய கதவு அன்று ஒருநாள் திடலளவு விரிந்தது எனலாம்.

அவ்வாண்டிலேயே பெல் தம் விநியோகத்தைச் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஒப்பந்தம் செய்த கிளைவ் டேவிஸ் 1973இற் பதவி நீக்கப்பட்டார். அதன்பின் ஸ்டாக்ஸ் தட்டுகள் கடைகளைச் சரிவரச் சென்றடையவில்லை. கடன் பெருகிற்று. தன் கடன் நிலையாலும் இடர்ப்பட்டிருந்த மெம்பிஸ் வங்கியொன்று நெருக்கத் தொடங்கியது. விலகியிருந்த ஸ்டுவர்ட் மீண்டு வந்து, தம் மாளிகையை ஈடு வைத்து நிறுவனத்தைக் காக்க முயன்றார். வீட்டையும் செல்வத்தையும் இழந்தார். 1975 டிசெம்பரில் நீதிமன்ற ஆணையோடு கதவு மூடப்பட்டது. மோசடிக் குற்றம் சாட்டப்பட்ட பெல் 1976இற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? பெல்லின் அளவிறந்த செலவு என்பர் சிலர். கறுப்பினத்தவர் கையில் ஒரு பெருநிறுவனம் நிற்பதைப் பொறாத நகரப் பெரியோரும் வங்கியுமே என்பர் சிலர். இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் இரு கட்சியினரும் ஒன்றை மறந்து விடுகின்றனர். பழைய மூல நாடாக்கள் கையில் இருந்திருப்பின், அவற்றை மீள வெளியிட்டுப் பெறும் ஊதியமே இடர்க்காலத்தில் நிறுவனத்தைத் தாங்கியிருக்கும். பின்னிருந்து தாங்கும் உடைமை இல்லாத காரணத்தாலேயே பெல் விரைந்தார், விரைந்தமையாற் கடன்பட்டார், கடன்பட்டமையாற் பிறர் கையை நோக்கினார். 1975இன் வீழ்ச்சி 1965இன் கைச்சாத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது எம் துணிபு.

1968க்கு முந்திய பதிவுகள் அத்திலாந்திக் வழியே வார்னர் குழுமத்திடம் சென்றன. பிந்தியவை 1977இல் பேன்டசி நிறுவனத்திடமும், 2004இல் கொன்கோர்ட் நிறுவனத்திடமும் சேர்ந்தன. படமாளிகை 1989இல் இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் அவ்வூரார் தாம் இழந்ததை உணர்ந்தனர் போலும். 2000இல் அவ்வயலிலே சிறார்க்கான இசைப்பள்ளியொன்று தொடங்கிற்று. 2003இல் அதே நிலத்தில், பழைய முகப்பையும் சரிந்த தரையையும் மீள அமைத்து நூதனசாலை திறக்கப்பட்டது. எஸ்டெல் ஆக்ஸ்டன் 2004இலும், ஜிம் ஸ்டுவர்ட் 2022இலும் மறைந்தனர்.

பணமின்மையாற் சமப்படுத்தாது விடப்பட்ட தரை, பின்னர்ப் பெரும்பொருட் செலவிற் சரிவாகவே கட்டப்பட்டது என்பது சிந்திக்கற்பாலது. தரையை மீளக் கட்டலாம். அதன்மேல் நின்ற மனிதரை ஒருங்கு கூட்டல் அரிது. கலையை ஆக்குவது நம்பிக்கை. அதனைக் காப்பது எழுத்து. முன்னையது இன்றிப் பின்னையது வெறுங் கணக்கு. பின்னையது இன்றி முன்னையது பிறர்க்குக் கொடுத்த கொடை. நூதனசாலைக்கு அயலிலுள்ள பள்ளியிலே இசை பயிலும் பிள்ளைகள் புக்கர் டி.யின் சுரத்தொடரைக் கற்பது நன்று. அதனோடு, தாம் கைச்சாத்திடப்போகும் உறுதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும் கற்பாராயின், மக்லெமோர் வீதியில் எழுந்த இசை தன் முழுப் பயனையும் பெற்றதாகும்.